வெள்ளைப் பூச்சுக்கு அடியில்

ஆயர் குரோவில் உள்ள எங்கள் தொழிற்சாலையில் ஒரு கார்பன் இழைப் பலகையைப் பதினொரு நாளாக இயந்திரம் இழுத்து இழுத்து விடுகிறது.

எவ்வளவு இழுவை வரை அதன் அடுக்குகள் பிரியாமல் தாங்கும்? அந்த வரம்பை நம்பித்தான் விமான இறக்கை செய்வார்கள். விரிசல் விட்டால் கறுப்புக் கோடாகக் கண்ணில் படுவதற்காக, தட்டச்சுப் பிழைகளை மறைக்கும் வெள்ளை மையை விளிம்பில் பூசியிருந்தோம்.

இன்று கடைசி நாள். விளிம்பில் கோடே இல்லை.

"ரிப்போர்ட்ல சைன் பண்ணுலா. நாலு மணிக்கு ஃபேக்ஸ் போவணும்," என்றார் மேனேஜர்.

கையெழுத்துப் போட்டால், இந்த இழுவையைப் பலகை தாங்கும் என்று நான் சொன்னதாகும். பேனாவைத் திறந்தேன். விளிம்பு அளவுக்கு மீறி வெள்ளையாக இருந்தது.

ஆபரேட்டர் சரோஜா அக்காவைக் கேட்டேன்.

"நீங்கதானே தம்பி சொன்னீங்க, இன்னைக்கி ஆளுங்க பாக்க வராங்க, எல்லாத்தையும் கிளீனா வைங்கன்னு? அழுக்கா இருந்திச்சி. நேத்து மேல இன்னொரு தடவ வெள்ள மை அடிச்சிட்டேன்."

மையைக் கரைக்கும் தின்னரில் நனைத்த துணியால் துடைத்தேன். உருப்பெருக்கியில் பார்த்தால், சுண்டுவிரல் நக நீளத்துக்கு ஒரு விரிசல்.

"யாரு வேல இது?" மேனேஜர் பின்னால் நின்றார்.

அக்கா வாயைத் திறப்பதற்குள் சொன்னேன். "நான்தான் பாஸ். நான் சொல்லித்தான் பூசினாங்க."

அவர் அறிக்கையை இரண்டாகக் கிழித்தார். "புதுப் பலக மாட்டு. இழுவயக் கொறச்சி, முதல்லேர்ந்து ஓட்டு."

இழுப்புகளின் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடுகிறது.

இதைப் படிக்கும் உங்களில் யாராவது விமானத்தில் போகிறவராக இருந்தால் ஒரு வரி எழுதிப் போடுங்கள். பதினொரு நாள் வேலை வீணான கோபத்தில், இங்கே இன்று என்னோடு பேச ஆளில்லை.