நாலு ஹோல்டருக்கு ஒரு பல்பு

கல்கத்தா டாலிகஞ்சில் நாங்கள் குடியிருந்த வீட்டில் ஹால், உள் அறை, சமையலறை, குளியலறை என்று நாலு இடத்தில் ஹோல்டர் இருந்தது. பல்பு ஒன்றுதான். தொண்ணூறுகளில், எந்த நேரம் கரண்ட் போகுமோ என்று தெருவே புலம்பிக்கொண்டிருக்க, எங்கள் அப்பா மட்டும் லோட்ஷெடிங் வந்தால் முகம் மலர்ந்து, "இன்னிக்கு லாபம்" என்பார்.

அந்த ஒற்றை பல்பு எங்களோடு வீடெல்லாம் நடமாடியது. சாயங்காலம் சமையலறையில் எரியும். அம்மா ரசம் வைப்பாள். பள்ளிக்கூட டீச்சரான அக்கா அரிசி டின்மேல் உட்கார்ந்து பரீட்சைத்தாள் திருத்துவாள். நான் தரையில் குந்திக்கொண்டு கல்லூரிப் பாடம் படிப்பேன். சாப்பாடு ஆனதும் அப்பா சுவிட்சை அணைத்து, சூடான பல்பைக் கரித்துணியால் பிடித்து, ஒரு அமுக்கு அமுக்கித் திருப்பி, ஹாலுக்குக் கொண்டுபோவார். நாங்கள் சுவரைத் தடவிக்கொண்டு பின்னாலேயே போவோம். அவர் குளியலறைக்குப் போனால் பல்பும் போகும். அவர் சாவகாசமாகப் பேப்பர் படித்துவிட்டு வரும்வரை நாங்கள் இருட்டில் உட்கார்ந்திருப்போம். கேட்டால், "ஒருத்தர் ஒரே சமயத்துல ரெண்டு ரூம்ல இருக்க முடியுமா?" என்பார். முடியாதுதான், ஆனால் நாங்கள் நாலு பேர் என்பது அவர் மண்டையில் ஏறவே இல்லை.

மற்ற சிக்கனங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆபீசுக்கு டிராமில், மின்விசிறி இல்லாத இரண்டாம் வகுப்பில்தான் போவார். "முன் பெட்டி போற இடத்துக்குத்தானே பின் பெட்டியும் போறது?" பேண்ட்டை மெத்தைக்கு அடியில் போட்டு அதன்மேல் தூங்குவார், அதுதான் இஸ்திரி. எங்கள் வீட்டு மூன்றாம் டிகாக்‌ஷன் காபியைக் குடித்தவர்கள், மரியாதைக்காகக்கூட இன்னொரு தடவை கேட்டதில்லை.

இந்த லட்சணத்தில் அக்காவுக்கு வரன் வந்தது. அதற்கு முன் வந்தவர்கள் எல்லோரும் வேலையை விடச் சொன்னவர்கள். கரக்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த இந்தப் பையன் மட்டும், கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போகட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். பல்பு எங்கே போனாலும் அக்கா அவர் போட்டோவை எடுத்துக்கொண்டு அதன் கீழே போய் நின்றாள். "இது தட்டிப்போச்சுன்னா இனிமே யார் முன்னாடியும் நான் வந்து நிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று எங்களுக்குத் தெரியும்.

"ஒரு நாளைக்காவது இன்னும் மூணு பல்பு வாங்குங்கோளேன்" என்று அம்மா கெஞ்சினாள்.

"நாலு மணிக்கு வரா. சூரியன் இருக்கான். அவன் பில் அனுப்ப மாட்டான்" என்றார் அப்பா.

கார்த்திகை மாதம். கல்கத்தாவில் அப்போது ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். போதாக்குறைக்கு ஏதோ ஊர்வலம் ஹௌரா பாலத்தை அடைத்துக்கொள்ள, பையனும் அவர் அப்பாவும் வந்து சேரும்போது நன்றாக இருட்டிவிட்டது. பல்பு ஹாலில் எரிந்தது. சமையலறையில் அம்மா, சுவாமி விளக்கைத் துணைக்கு வைத்துக்கொண்டு பஜ்ஜி போட்டாள். சில பஜ்ஜிகளில் வாழைக்காயே இல்லை. அக்கா சொஜ்ஜித் தட்டோடு இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்து நமஸ்காரம் பண்ணினாள். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது பையனின் அப்பா எழுந்து, "பாத்ரூம் எங்க இருக்கு?" என்று கேட்டார்.

அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "இப்பவேவா?" என்றார்.

அவர் உள்பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டார். பிரயாணம் பண்ணி வந்த மனுஷர். அப்பா எனக்குக் கண்ஜாடை காட்டினார். நான் சுவிட்சை அணைத்தேன். "அடடா, லோட்ஷெடிங்!" என்று கத்திக்கொண்டே அப்பா ஸ்டூலில் ஏறிப் பல்பைக் கழற்றினார். அடுத்த நிமிஷம் குளியலறையில் வெளிச்சம் வந்தது. "வாங்கோ, வாங்கோ. பாத்ரூம் லைன் மட்டும் வேற" என்று அவரை அழைத்துப்போனார்.

ஜன்னலுக்கு வெளியே தெரு முழுக்க விளக்கு. எதிர்வீட்டு டிவியில் யாரோ கணீரென்று பாடிக்கொண்டிருந்தார்கள். பௌதி என்று நாங்கள் கூப்பிடும் மாடிவீட்டு வங்காளி மாமி பால்கனியிலிருந்து, உங்கள் வீட்டில் மட்டும் ஏன் இருட்டு, ஃபியூஸ் போய்விட்டதா என்று வங்காளத்தில் கேட்டாள். கரக்பூர்க்காரருக்கு வங்காளம் தெரியாதா என்ன? நான் அவசரமாக ஜன்னலைச் சாத்தினேன்.

இருட்டில் அக்காவின் குரல் கேட்டது. "கரண்ட் போகலை. எங்காத்துல இருக்கறதே ஒரு பல்புதான். அது இப்போ உங்கப்பாவோட போயிருக்கு."

பையன் உட்கார்ந்திருந்த நாற்காலி கிறீச்சிட ஆரம்பித்தது. சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் அவர் குலுங்கிக்கொண்டிருந்தார். அதற்குள் பையனின் அப்பா வெளியே வர, குளியலறை விளக்கு அணைந்தது. எங்கள் அப்பா கழற்றிய பல்போடு அவசரமாகத் திரும்பி வந்து, ஸ்டூலில் இடித்துக்கொண்டார். டப்பென்று பல்பு தரையில் விழுந்து உடைந்தது.

"மாமா, பாத்ரூம் லைனும் போயிடுத்தா?" என்று கேட்டார் பையன்.

அப்பா இருட்டிலேயே என் கையில் ஒரு நோட்டைத் திணித்து, "ஒண்ணு போதும்" என்று காதில் சொன்னார். பையனும் கூடவே கிளம்பிவிட்டார். தெருமுனைக் கடையில் நான் வாயைத் திறப்பதற்குள் அவர் நாலு பல்பு கேட்டார். வருஷக்கணக்காக எனக்கு ஒற்றை பல்பே கொடுத்துப் பழகிய கடைக்காரர், நாலா என்று நம்பாமல் வங்காளத்தில், "சார்டே?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அப்புறம், என்ன, வீட்டில் கல்யாணமா என்றார்.

"ஆமாம், சீக்கிரமே" என்று அவருக்கு வங்காளத்தில் பதில் சொன்னார் பையன். நான் பல்பை மறந்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

நாலு பல்பையும் அவரே மாட்டினார். முதல்முறையாக வீடு முழுக்க ஒரே சமயத்தில் வெளிச்சம் வந்தது. ஒட்டடை, கரி, பெயர்ந்த சுண்ணாம்பு எல்லாம் பல்லைக் காட்டின. அம்மாவின் தலையில் எவ்வளவு நரை என்று அன்றுதான் கவனித்தேன். அப்பா, எந்தப் பக்கம் போய் நிற்பதென்று தெரியாமல் நடுஹாலில் நின்றார். அவரைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

மாப்பிள்ளை கையால் மாட்டியதைக் கல்யாணம் முடியும்வரை கழற்றக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டதால் பல்புகள் அப்படியே தொங்கின. அப்பா ஒன்றுக்கு மேல் எரியவிடவில்லை, அவ்வளவுதான். கல்யாணத்தை ஒரு பைசா கடனில்லாமல் நடத்தினார். நகை, பாத்திரம், வாசலில் சீரியல் லைட் எல்லாம் இருந்தது. ஏது இவ்வளவு பணம் என்று அம்மா வாயைப் பிளந்தாள். "எல்லாம் இருட்டுலேருந்து வந்ததுடி" என்றார் அப்பா. மண்டபத்தில் காலியாக இருந்த அறைகளின் விளக்கை அணைத்துக்கொண்டே போய், கடைசியில் மாப்பிள்ளை வேஷ்டி கட்டிக்கொண்டிருந்த அறையையும் அணைத்துவிட்டார்.

ஹௌராவில் அக்காவை ரயிலேற்றிவிட்டு வந்த சாயங்காலம், அக்காவும் நானும் படுத்துக்கொள்ளும் உள் அறையில் அப்பா விளக்கைப் போட்டார். நாங்கள் மூவரும் ஹாலில் இருந்தோம். அங்கேயும் விளக்கு எரிந்தது. அம்மா பழக்கதோஷத்தில் உள் அறையை அணைக்க எழுந்தாள். "இருக்கட்டும்" என்றார் அப்பா.

மறுநாள் உள் அறை பல்பைக் கழற்றி, வேஷ்டியில் சுற்றி பீரோவில் வைத்தார். "அவ வரச்சே மாட்டிக்கலாம்."

அந்த அறையில் நான் இன்னும் இருக்கிறேனே, நான் எங்கே படிப்பது என்று கத்தினேன்.

"நீதான் இங்க இருக்கியே" என்றார். "ஹாலுக்கு வா."