சஹர் தண்ணீரை அடைத்தவன்

காலை ஏழேகாலுக்குச் சென்னை ரயில் என்னைக் காரைக்காலில் இறக்கிவிட்டது. ஊர் பார்க்கவோ கோயில் கும்பிடவோ நான் வரவில்லை. முருகையன் என்பவரைத் தேடிப் பிடித்து ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். இங்கே குடிநீர்த் தொட்டியின் வால்வைத் திறந்து மூடும் வேலையில் இருந்தவர் அவர். போன வருடம் அவருடைய வேலையைப் பறித்தது என் கையெழுத்து.

கதையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்க்கும் நிறுவனம், குடிநீர்த் தொட்டி, மின்நிலையம் போன்றவற்றைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு காவல் காக்கிறது. ஸ்மார்ட் சிட்டி என்று பெயர் வாங்கிய நகரங்களில் பாடம் படித்த மென்பொருளைக் காரைக்காலில் ஒரு தொட்டிக்கும் சோதனையாக மாட்டினோம். ஒரு கேமரா, ஓட்டத்தை அளக்கும் கருவி, தேவைப்பட்டால் தானே மூடிக்கொள்ளும் வால்வு. பொழுது விடியுமுன் யாரோ வால்வைத் திறக்கிறார்கள் என்று மூன்று நாள் தொடர்ந்து எச்சரிக்கை வந்தது. சென்னையில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து படத்தைப் பார்த்தேன். தலையில் துண்டு கட்டிய ஆள், மணி மூன்றேகால், பணி உத்தரவு எதுவும் இல்லை. ‘உள்ளாள் கைவரிசை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். அன்றைக்குப் பிரியாணி.

பதினோரு மாதம் கழித்து, கூட வேலை பார்க்கும் நிஜாம் அந்த மூன்று நாளின் நீரோட்ட வரைபடத்தைத் தற்செயலாகப் பார்த்தார். “சார், இது நோன்பு மாசம். விடியறதுக்கு முன்னாடி சஹர் சாப்பிட எந்திரிச்சிருப்பாங்க” என்றார். அவ்வளவுதான். எங்கள் மென்பொருளுக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எட்டு மணி. ஆட்டோவுக்கு எண்பது ரூபாய் கொடுத்துத் தொட்டிக்குப் பக்கத்துத் தெருவில் இறங்கினேன். வீட்டு வாசலிலேயே இடியாப்பம் விற்கிறார் ஹாஜரா பீவி, ஐம்பது வயதிருக்கும். ஐந்து இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் நாற்பது ரூபாய். சாப்பிட்டுக்கொண்டே தண்ணீரெல்லாம் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டு வைத்தேன்.

“இப்ப வருது தம்பி. போன நோன்புலதான் பட்டோம்” என்றார் அவர். “முன்னாடில்லாம் வானத்துல நோன்புப் பெற பார்த்துட்டா அன்னைலேருந்து சஹருக்கு அரை மணி நேரம் தண்ணி வுட்டுருவாரு வால்வுக்காரரு. வரிச்சிக்குடி ஊர்க்காரரு. யாரும் எழுதிக் கேட்டதில்ல, அவரா செய்வாரு. போன வருசம் நாலாம் நோன்பு அன்னைக்கி அடச்சிட்டுப் போயிட்டாரு. உலை வைக்கத் தண்ணி இல்ல, தொழுவுறதுக்கு முன்னாடி கை கால் கழுவி ஒளு செய்யத் தண்ணி இல்ல. நம்ம மேல அவருக்கு என்ன வெறுப்போ!”

நாலாம் நோன்பு அன்று அவர் வேலையிலேயே இல்லை. வால்வை மூடியது எங்கள் மென்பொருள். இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “அப்படியா?” என்று மட்டும் வந்தது. காசைக் கொடுத்துவிட்டு எழுந்துவிட்டேன். அந்த ‘அப்படியா’வை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

ஒன்பதரைக்குத் தொட்டியடியில் நின்றேன். தொட்டியைப் பராமரிக்கும் ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் மரியாதையாகத்தான் பேசினார். “அந்த வேலையே இப்ப இல்லைங்க. நீங்க மாட்டுன வால்வுதான் தானா தொறக்குதே, ஆளு எதுக்கு?” பம்ப் அறையின் இரும்புக் கதவில் நீல பெயிண்டில் எழுதியிருந்தது: ‘தண்ணீர் வராவிட்டால் அழைக்கவும், முருகையன்.’ கீழே பத்து இலக்கம். எங்கள் கேமரா அனுப்பிய ஒவ்வொரு படத்திலும் இந்தக் கதவு இருந்தது. ஆள் யார், நேரம் என்ன, உத்தரவு உண்டா என்றெல்லாம் பார்த்த நான், ஒரு போன் போட்டுக் கேட்கவில்லை. அங்கேயே நின்று அந்த எண்ணை அழுத்தினேன். “கீழவாஞ்சூருக்கு வாங்க சார், இங்கதான் நிக்கிறேன்” என்றது குரல்.

நாகூர் போகும் பேருந்தில் பதினைந்து ரூபாய் டிக்கெட். பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கலாம். வழி நெடுக வயல். வாஞ்சூர் நெருங்க நெருங்க லாரி வரிசை, சாலையோரச் செடிகளில் கரித்தூள். துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றி வரும் லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார் முருகையன். நாற்பத்தைந்து வயதிருக்கும். கண்ணைத் தவிர எல்லாம் கறுப்பு. நான் யார் என்று சொன்னேன். அடிப்பார் என்றுகூட நினைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கி நிதானமாகப் படித்தார்.

“‘கருவியின் தவறான எச்சரிக்கை’ன்னு போட்டிருக்கீங்க. கருவியா சார் கையெழுத்துப் போட்டுச்சு?”

“இல்லைங்க. நான்தான்” என்றேன்.

“வேலை திரும்ப வருமா?”

வராது என்றேன். அந்த வேலையே இல்லை என்பதையும் சொன்னேன். வரப்போகிற நோன்புக்குச் சஹர் நேரத்தில் தண்ணீர் வரும்படி மென்பொருளைத் திருத்திவிட்டோம் என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டேன்.

“பெற தெரிஞ்சுதா இல்லியான்னு அதுக்கு யாரு சொல்லுவா? எனக்குப் பள்ளிவாசல்லேருந்து போன் வரும்.” கடிதத்தை மடித்து என்னிடமே நீட்டினார். “இதை வச்சிக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன்? இந்த வேலைலயும் சோறு கிடைக்குது. அந்தத் தெரு வழியா மட்டும் போவ முடியல சார். பதினாறு வருசம் தொறந்து வுட்டவன். இப்ப எதிர்ல வந்தா மூஞ்சியத் திருப்பிக்கிறாங்க. நான் அடைக்கலன்னு நானே போய்ச் சொன்னா யாரு நம்புவா? நீங்க போய்ச் சொல்லுங்க.”

மாலை ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. இல்லாவிட்டாலும் போயிருப்பேன் என்று எழுத ஆசைதான். சத்தியம் செய்ய மாட்டேன்.

மதியம் இரண்டு மணிக்கு மறுபடியும் அதே வாசல். ஹாஜரா பீவி அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கேமரா, எச்சரிக்கை, என் கையெழுத்து, காலையில் தெரிந்தே வாய் மூடி இருந்தது வரை. குழாயை நிறுத்திவிட்டு அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“நோன்பு வச்சிக்கிட்டு அந்த மனுசன ஏசினோமே” என்றார். “பசியோட உட்கார்ந்து ஏசினோமே தம்பி. அந்த நோன்பெல்லாம் எங்க போய்ச் சேர்ந்துச்சோ.”

பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி அங்கேயும் சொல்ல வைத்தார். அப்புறம் அதற்கடுத்த வீடு. ஏழு வீடுகளில் சொன்னேன். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. ஒரு வீட்டில் ஃபேனைப் போட்டு உட்காரச் சொன்னார்கள். கடைசியில் ஹாஜரா பீவி டீ கொண்டுவந்து வைத்தார். வேண்டாம் என்று சொல்லத்தான் வேண்டும் என்று தெரிந்தது. வெயிலில் அலைந்த களைப்பு. முழு டம்ளரையும் குடித்தேன். அந்தத் தெருத் தண்ணீரில் போட்ட டீதான் அது.