வளைவில் சாயாத கார்

மாமாவின் கார் நேர்ச் சாலையில் நல்ல கார்தான். வளைவு வந்தால் வேறு ஆளாகிவிடும். முன்பக்கம் திரும்பிய பிறகு, பின்பக்கம் சற்று யோசித்துவிட்டுத்தான் வரும். அதற்குள் நாங்கள் எல்லாரும் ஒரு பக்கமாகச் சரிந்து, ஒருவர் மடியில் ஒருவர் கிடப்போம். அம்மாவின் அண்ணனான மாமா, அந்தப் பழைய கறுப்புக் காரைப் பூந்தமல்லியில் வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். திருவேற்காட்டுக்குச் சாமி கும்பிடப் போகிறவர்களும் கல்யாண வீட்டுக்காரர்களும் அதில் சரிந்து பழகியவர்கள். எட்டு வயதில் எனக்கு அந்தச் சரிவு ராட்டினம் மாதிரி. “இன்னொரு வாட்டி திருப்பு மாமா” என்று கேட்பேன்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம், அம்மாவுக்கு முதுகில் வலி வந்தது. முதலில் தண்ணீர்க் குடத்தின்மேல் பழியைப் போட்டார்கள். பிறகு தையல் மிஷின்மேல். தைலம், ஒத்தடம் எல்லாம் முடிந்த பிறகு, பட்டணத்துப் பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, முதுகெலும்பில் கட்டி என்றார்கள். கட்டி கரைய வாரத்தில் மூன்று நாள் கரண்டு, அதாவது கதிர் சிகிச்சை, வைக்க வேண்டும். அம்பத்தூரிலிருந்து பஸ்ஸில் உட்கார்ந்து போகிற நிலையில் அம்மா இல்லை. மாமா தன் சவாரிகளை விட்டுவிட்டுக் காரோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். பாடியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த அப்பா ஷிப்டை மாற்றிக்கொண்டார்.

முதல் நாள் அம்மாவைப் பின்சீட்டில் படுக்கவைத்து, சுற்றிலும் தலையணை அணைத்துக்கொண்டு புறப்பட்டோம். பாடி தாண்டுவதற்கு முன் எதிரே ஒரு லாரி வந்தது. மாமா ஸ்டியரிங்கை ஒடித்தார். கார் வழக்கம்போல ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு மறுபக்கம் சாய்ந்தது. அம்மாவின் உடம்பு சீட்டில் உருண்டது. அம்மாவிடமிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. மாமா காரை ஓரங்கட்டி, ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்துக்கொண்டார்.

“இந்த வண்டிய இப்டியே ஓட்டிகினு போவ முடியாது, மாப்ள” என்றார் மாமா. அப்பா கீழே இறங்கி, குனிந்து சக்கரத்துக்குப் பின்னால் பார்த்தார். அம்மாவைப் பார்ப்பதைவிட அதைப் பார்ப்பது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே வேலை தொடங்கியது. பூந்தமல்லியில் லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை அடிக்கும் பாய் ஒருவர் இருந்தார். அடுக்கடுக்கான அந்த இரும்புப் பட்டைகள்தான் காரின் எடையைத் தாங்குபவை. மாமாவும் அப்பாவும் கேட்டபடி பின்பக்க அடுக்கில் பக்கத்துக்கு ஒரு பட்டையைக் கூட்டினார். கொடுக்கும்போது ஏதோ சொல்ல வந்தார். இவர்கள் நின்று கேட்கவில்லை.

கார் சாய்வது நின்றது. ஆனால் கட்டைவண்டியாகிவிட்டது. ஒவ்வொரு பள்ளமும் கணக்காக முதுகில் வந்து ஏறியது. அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போய்வரும்வரை அம்மா ஒரு சத்தம்கூடப் போடவில்லை. “தேவலை, இன்னிக்கி ஆட்டமே இல்ல” என்று மாமாவிடம் சொன்னாள். வீட்டில் இறக்கும்போதுதான், அவள் கீழ் உதட்டைக் கடித்துப் புண்ணாக்கியிருப்பதை அப்பா பார்த்தார்.

திரும்பவும் பாயிடம் போனபோது என்னையும் கூட்டிப்போனார்கள். வீட்டில் அம்மாவுக்குத் தூக்கம் வேண்டியிருந்தது. பாய் உலையை அணையவிட்டு வந்து, “உள்ள யாரு போறாங்க?” என்று கேட்டார்.

“என் தங்கச்சி பாய். முதுவுல கட்டி. படுத்துகினுதான் வருது” என்றார் மாமா.

“இத்த அன்னிக்கே சொல்லக்கூடாதா நைனா? நான் மூட்டை ஏத்துற வண்டினு நெனச்சிகினேன்.” அவர் முகம் மாறிவிட்டது. “பட்டைய சேத்தா வண்டி நிக்கும், ஆனா ஆளத் தூக்கிப் போடும். சாயவும் கூடாது, குதிக்கவும் கூடாதுன்னா வேலை ஜாஸ்தி கீது. பொறுமையா செய்யணும்.”

பொறுமையாகத்தான் செய்தார்கள். கூட்டிய பட்டையைக் கழற்றிவிட்டு, தொய்ந்துபோன பழைய பட்டைகளையே சூடாக்கி வளைத்து, இடையிடையே கிரீஸ் தடவி அடுக்கினார்கள். பட்டை முனைகளில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ்கள் தேய்ந்திருந்தன, அவற்றையும் மாற்றினார்கள். குதிப்பதை அடக்குகிற ஷாக் அப்சார்பர்களில் எண்ணெய் எல்லாம் ஒழுகிப்போயிருந்தது. மாமா புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் இரண்டு நாள் அலைந்து, ஏதோ ஜீப்பிலிருந்து கழற்றிய நீள ஷாக்குகளை வாங்கிவந்தார். அவை உட்கார இடம் இல்லாததால் அப்பா இரும்பை வெட்டி, அளந்து, வெல்டிங் வைத்துத் தாங்கி செய்தார்.

பரீட்சை பார்க்க என்னைத்தான் பின்சீட்டில் படுக்கவைத்தார்கள். அம்மாவின் தலையணைகள், அம்மா படுக்கும் அதே வாட்டம். கார் என்னை எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அதைச் சொல்ல வேண்டும். நான் கண்ணை மூடிக்கொண்டு “இடது, வலது, மேலே” என்று கத்துவேன். அப்பா சிகரெட் அட்டையில் குறித்துக்கொள்வார். எனக்கு ஒரே பெருமை. ஒருநாள், இன்னும் நன்றாகச் செய்ய வேண்டும் என்ற ஆசையில், ஒரு வளைவில் அம்மா கத்தியதைப் போலவே கத்திக் காட்டினேன். நன்றாகவே வந்தது. மாமா பிரேக்கை மிதித்த மிதியில் அப்பாவின் நெற்றி கண்ணாடியில் இடித்தது. இருவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். திட்டு விழும் என்று காத்திருந்தேன். அப்பா கீழே இறங்கிப் போய், சாலையோரம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

“அப்டிலாம் செய்யக்கூடாதும்மா” என்றார் மாமா, அவ்வளவுதான்.

அதன்பின் பாக்கி இருந்தது முன்பக்கத்துக் குறுக்குக் கம்பி ஒன்றுதான். இரண்டு சக்கரங்களையும் சேர்த்துப் பிடித்து, ஒரு பக்கம் அமுங்கினால் மறுபக்கத்தையும் இழுத்து, காரைச் சாயவிடாமல் வைக்கும் கம்பி. பாய் அதைக் காய்ச்சி, வளைத்து, எண்ணெயில் தோய்த்து வைத்திருந்தார். அதை மாட்டுவதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் டாக்டர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். வீட்டுக்கு வந்ததும் அப்பா, “இனிமே ஆஸ்பத்திரிக்குப் போவ வேணாம்” என்றார். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது.

இனி போக வேண்டாம் என்றால் கம்பி எதற்கு? நான் கேட்கவில்லை, யாரும் கேட்கவில்லை. மறுநாளே மாமா, அப்பா, பாய் மூன்று பேரும் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு அதை மாட்டினார்கள். ஒரு போல்ட் சரியாக உட்காரவில்லை என்று அப்பா மூன்று தடவை கழற்றி மாட்டினார். பாய் மட்டும் நடுவில் ஒருமுறை வெளியே வந்து, தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரும்பவும் உள்ளே போனார்.

அடுத்த நாள் காலையில் அம்மாவைக் காரில் ஏற்றினோம். பட்டணத்துப் பக்கம் திரும்பாமல் கார் பூந்தமல்லிக்குப் போய், அங்கிருந்து பெங்களூர் சாலையில் இறங்கியது. நசரத்பேட்டையைத் தாண்டியதும் இருபுறமும் நெல் வயல். அம்மாவின் தலை என் மடியில் இருந்தது. மாமா மாட்டுவண்டியைவிடச் சற்றே வேகமாக ஓட்டினார்.

“வேகமா போண்ணா” என்றாள் அம்மா.

“வலிக்கும்மா.”

“வலிக்கல. நெசமாத்தான். போ.”

மாமா கொஞ்சம் வேகம் கொடுத்தார். ஏரிக்கரைப் பக்கம் ஒரு வளைவு வந்தது. நான் அம்மாவின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கார் சாயவில்லை. சாலையைப் பற்றிக்கொண்டு அப்படியே திரும்பியது. அம்மா என் மடியில் அசையாமல் கிடந்தாள். ஜன்னலில் மரங்கள் சுற்றிப் போவதைப் பார்த்து, வாய்விட்டுச் சிரித்தாள்.

“அந்த வளைவுல இன்னொரு வாட்டி” என்றாள். மாமா திருப்பிக்கொண்டு வந்தார். அன்று அதே வளைவில் நான்கு தடவை போனோம். அப்பா முன்சீட்டில் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவைகூட எங்கள் பக்கம் திரும்பவில்லை. அவர் இன்னும் கம்பியைப் பற்றித்தான் யோசிக்கிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் நான் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். எங்கள் காரைச் சரிசெய்தாகிவிட்டது, அம்மாவுக்கு வலி போய்விட்டது, டாக்டரே இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்தில் டீச்சரிடமும் சொன்னேன். அவர் என் பின்னலைச் சரிசெய்துவிட்டு, போய் உட்கார் என்றார். பக்கத்து வீட்டு அக்கா மட்டும் நான் சொல்லி முடிப்பதற்குள், முறத்தைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவர்கள் வீட்டில் யாருக்கும் கார் கிடையாது. அந்த வருத்தம்தான் என்று நினைத்து, அவளையும் ஒருநாள் ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்று மாமாவிடம் சொல்லிவைத்தேன்.