கைக்குத் தெரிந்த வீடு

பூந்தமல்லி கடைத்தெருவில் எங்கள் குடியிருப்பை எல்லோரும் மூணுமாடி என்றுதான் சொல்வார்கள். சுற்றிலும் ஓட்டு வீடுகள் இருந்த காலத்தில் கட்டியது. அந்தப் பெருமையில் நாங்கள் கொஞ்சம் அலட்டிக்கொண்டதும் உண்டு. அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று பேச்சு வந்தபோது சண்டைக்கு நின்றவள் நான்தான்.

காரணம் அம்மா. கண் பிரஷரில் அவளுக்குப் பார்வை ஏறக்குறைய போய்விட்டது. ஆனாலும் இரண்டாம் மாடியிலிருந்து துணையில்லாமல் இறங்குவாள். கீழே காத்திருக்கும் தோழியோடு மாதா கோயிலுக்குப் போவாள், தானே ஏறி வந்து பூட்டைத் திறப்பாள். புது இடத்தில் அவள் என்ன செய்வாள்?

"இத்துப்போன கட்டடத்து மேல இன்னாக்கா இவ்ளோ பாசம்?" என்று கூட்டத்தில் கீழ்வீட்டுக்காரர் கிண்டலடித்தார். நான் விடுவேனா? பழைய கட்டடங்களைச் செப்பனிடும் பொறியாளர் ஒருவரைக் கூட்டிவந்து, சுவர் திடமாக இருக்கிறது என்று சொல்லவைத்தேன். கடைசியில் எல்லோரும் வழிக்கு வந்தார்கள். செப்பனிடும் வேலை முடியும்வரை சேக்காட்டில் வாடகைக்கு இருந்தோம்.

திரும்பி வந்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. படிக்கட்டின் தேக்குக் கைப்பிடி பளபளத்தது. சுவரெல்லாம் வழவழவென்று சுண்ணாம்புப் பூச்சு.

"அப்பிடியே கீதும்மா, கட்டுன அன்னிக்கு இருந்த மாதிரியே!" என்றேன்.

அம்மா சுவரைத் தடவினாள்.

இரண்டு நாள் கழித்து மூன்றாம் மாடிப் பெண் அம்மாவைக் கைப்பிடித்து அழைத்துவந்தாள். கோயிலிலிருந்து திரும்பிய அம்மா, அந்தப் பெண்ணின் வீட்டுப் பூட்டில் எங்கள் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தாளாம்.

அப்புறம்தான் அம்மாவிடம் விசாரித்தேன். படி திரும்புமிடத்தில் கைப்பிடியில் துருத்திய ஆணி, எங்கள் மாடியில் யாரோ பீரோ ஏற்றும்போது பெயர்ந்த சுவர், கதவோரம் மேஸ்திரி அப்பிவிட்டுப் போன சிமென்ட். அவற்றைத் தொட்டுத் தொட்டுத்தான் இத்தனை வருடமும் வீடு வந்திருக்கிறாள். ஒரு குறையும் விடக்கூடாது என்று ஒவ்வொன்றையும் காட்டிச் சரிசெய்ய வைத்தவள் நான். மனசு ஆறவே இல்லை.

அடையாளத்துக்குக் கைப்பிடியில் கயிறு சுற்றித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டாள். கோயிலுக்குப் போவதும் நின்றுபோனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கெஞ்சிப் பார்த்தேன்.

"இடிக்க உட்டிருந்தா, புது ஊடுன்னு மொதல்லேர்ந்து கத்துகினு இருப்பேன்டி," என்றாள் அம்மா. "இது நம்ம ஊடுன்னு நம்பி கைய வெச்சேன். யார் ஊட்டாண்டயோ நிக்கிற மாதிரி கீது."