முத்திருளாண்டி அவுட் கொடுத்த பந்து

முத்திருளாண்டி அண்ணாச்சி இறந்த செய்தியைப் பந்தல்குடி பஸ்ஸிலிருந்து இறங்கிய பழைய மாணவர் ஒருவர் சொன்னார். "டென்னிஸ் சாரு போயிட்டாக. நேத்தே எடுத்துட்டாகளாம்." கல்லூரி விளையாட்டுத் துறையில் அவருடன் பல வருஷம் ஒரே அறையில் இருந்தவன் நான். கல்லூரியிலிருந்து ஓர் ஆள் விட்டுச் சொல்லவில்லை. அவர் விஷயத்தில் கல்லூரி எதைத்தான் ஒழுங்காகச் செய்தது?

அவரிடம் ஆடிய பழைய மாணவர்கள் உங்களுக்கு இது தெரிந்ததுதான். மதுரையில் ஒரு கிளப்பில் மார்க்கராக, அதாவது உறுப்பினர்களுக்கு ஈடுகொடுத்துப் பந்தடிப்பவராக இருந்தவரை அறுபதுகளின் கடைசியில் துணைப் பயிற்சியாளராக எடுத்தார்கள். யாருக்குத் துணை என்றுதான் விளங்கவில்லை. டென்னிஸுக்குப் பயிற்சியாளர் என்று எங்கள் அருப்புக்கோட்டைக் கல்லூரியில் யாரும் இருந்ததே இல்லை. பல்கலைக்கழகக் கோப்பை வந்தால் அந்தப் பதவி அவருக்கு என்று கல்லூரிச் செயலாளர் வாக்குக் கொடுத்திருந்தார். வாலிபாலைப் பார்த்துக்கொண்டிருந்த நான், "இப்பவே கேளுங்க அண்ணாச்சி" என்று நச்சரிப்பேன். "கோப்பை வரட்டும் தம்பி, கேக்காமயே குடுப்பாக" என்பார்.

கரிசல் தரையில் டென்னிஸ் ஆடுவது லேசான காரியமில்லை. வெயிலுக்கு வெடிக்கும், மழைக்குக் காலைப் பிடிக்கும். விடுதிப் பையன்கள் குளித்த தண்ணீரைப் பிடித்து வந்து தெளித்து, தரையைச் சமன் செய்யும் உருளையை அவரே இழுப்பார். குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் தரையை நனைக்கிறார் என்று அதற்கும் ஏச்சு வாங்கினார்.

எழுபதுகளில் ஒரு பங்குனியில், பாளையம்பட்டிப் பையன் சண்முகவேல் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டான். ஆட்டம் மதுரையில். கிளம்ப வேண்டிய நேரத்தில் பார்த்தால் அவன் கையில் அம்மன் கோயில் காப்பு. கட்டியவர்கள் தீச்சட்டி எடுத்து முடிக்கும்வரை அருப்புக்கோட்டை எல்லை தாண்டக் கூடாது. அவன் தாயாரிடம் நாங்கள் இருவரும் போய்ப் பேசினோம்.

"அவன் செயிக்கணும்னுதான சார் நேந்துக்கிட்டேன்" என்றார் அந்த அம்மாள். "கட்டுன காப்போட எல்லை தாண்டி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அண்ணாச்சி அடுத்த பஸ்ஸில் மதுரைக்குப் போய், எதிர்த்து ஆட வேண்டியவர்களை அருப்புக்கோட்டைக்கே வரச் சம்மதிக்க வைத்துவிட்டார். கிளப் காலத்திலிருந்து அவரைத் தெரிந்தவர்கள். அவரே நடுவராக உட்கார வேண்டும் என்பது ஒன்றைத்தான் கேட்டார்கள்.

காப்புக் கையோடு சண்முகவேல் பிரமாதமாக ஆடினான். இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் கோப்பை எங்களுக்கு. அவன் அடித்த பந்து பின்கோட்டருகே விழுந்தது. நாங்கள் கை தட்டத் தொடங்கிவிட்டோம். அண்ணாச்சி "அவுட்" என்றார். அதன்பின் பையன் மனம் விட்டுப்போய்த் தோற்றான்.

"நம்ம சம்பளத்தை வாங்கிக்கிட்டு அவுகளுக்கு செயிச்சுக் குடுத்திட்டீரு" என்றார் செயலாளர். பதவிப் பேச்சு அன்றோடு முடிந்தது.

எனக்கு அவர்மேல்தான் ஆத்திரம். "கோட்டுச் சுண்ணாம்பு தெறிச்சதை என் கண்ணால பாத்தேன். பந்து உள்ளதான் விழுந்துச்சு" என்றேன். "அடிக்கிற காத்துல சுண்ணாம்பு தானாப் பறக்குது தம்பி. அது அவுட்டு" என்றார். இந்தச் சண்டையை நான் வருஷக்கணக்கில் விடவில்லை. எப்போது ஆரம்பித்தாலும் அதே பதிலைச் சொல்லிவிட்டு உருளையை இழுக்கப் போய்விடுவார். துணைப் பயிற்சியாளராகவே ஓய்வும் பெற்றார். இதை எழுதும்போதும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

துக்கம் கேட்க அவர் ஊரான எம்.ரெட்டியபட்டிக்குப் போனேன். அவர் மனைவி அழுது முடித்துவிட்டுச் சொன்னார்: "அந்தப் பந்து நெசமாவே உள்ளதான் விழுந்துச்சான்னு உங்ககிட்ட ஒரு தடவை கேக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாக தம்பி. படுக்கையில கெடந்தப்பவும் அதே பேச்சுத்தான். கேக்காமயே போயிட்டாக."

திரும்பும் பஸ்ஸில் எனக்குக் கோபம் அடங்கவில்லை. அத்தனை வருஷம் பக்கத்து நாற்காலியில் இருந்த என்னிடம் கேட்க அவருக்கு என்ன தயக்கம்? சுண்ணாம்பு தெறித்ததை நான் பார்த்தது உண்மை. இன்று கேட்டாலும் சத்தியம் செய்வேன், அவரைத் தவிர வேறு யார் கேட்டாலும். அவர் கேட்டிருந்தால் சொல்லியிருக்க வேண்டிய பதில் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

அது அவுட்தான், அண்ணாச்சி.