நாக்கில் தடவிய வசம்பு

பக்கவாதத்தில் இடது கை விழுந்தபோது, என் பேச்சும் போய்விட்டது என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் நாக்கு குழறியது உண்மைதான். பிறகு சரியாகிவிட்டது. ஆள் இல்லாதபோது சுவரிலிருக்கும் காலண்டரை முணுமுணுத்துப் படித்துப் பார்ப்பேன். தெளிவாகவே வந்தது. பேசத்தான் பிடிக்கவில்லை.

முன்பும் நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. மாமல்லபுரத்தில் ஓர் ஓட்டல் சமையல்கட்டில் காய் நறுக்கும் வேலை எனக்கு. கூட நிற்பவர்கள் பேசுவார்கள், நான் சிரிப்பேன், அவ்வளவுதான். அதனால் நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தே கிடந்தது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. சோறு மண்ணாக இருந்தது. ஏன் விடிகிறது என்றிருந்தது. அன்றைக்கே போயிருக்கலாம் என்று தினமும் நினைத்தேன்.

பார்க்க வந்தவர்கள் ஹார்லிக்ஸ் கொண்டுவந்தார்கள். கைக்குப் புறா ரத்தம் தடவச் சொன்னார்கள். என் கணவரின் அக்கா படாளத்திலிருந்து வசம்போடு வந்தார். பேச்சு வராத குழந்தைக்குச் செய்வதுபோல் விளக்கில் சுட்டு, தேனில் உரசி, என் நாக்கில் தடவினார்.

"அம்மான்னு சொல்லு கண்ணு."

கல்யாண வயதில் மகள் பக்கத்தில் நிற்கிறாள். எனக்கு ஆத்திரம் வந்தது. வெகுநாள் கழித்து எனக்குள் எழுந்த முதல் உணர்ச்சி அது. அதை அணையவிடாமல் வைத்துக்கொண்டேன்.

அடுத்த முறை செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைக் கேட்ட கேள்விக்கெல்லாம் கணவரே பதில் சொன்னார். "பேச்சு போயிடுச்சும்மா" என்றார்.

"போவல" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. "பேசப் புடிக்கல. உசுரோட கீறதே புடிக்கல. கைக்கு மாத்திரை குடுத்தீங்க, இதுக்கு இன்னா குடுப்பீங்க?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். பக்கவாதம் வந்தவர்களுக்கும் மாரடைப்பு வந்தவர்களுக்கும் மனச்சோர்வு வருவது உண்டு, அது திமிர் இல்லை, நோய், மருந்து இருக்கிறது என்றார். மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் கணவர், தன்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா என்று கலங்கினார்.

"நீ கையப் பத்தி மட்டும்தான்யா கேட்ட" என்றேன்.

வசம்பு தடவிய அண்ணிக்கு வேறு கவலை. "மெண்டல் டாக்டராண்ட போறான்னு தெரிஞ்சா பொண்ணுக்கு எவன் வருவான்? கேட்டா தலவலின்னு சொல்லு."

"தலவலின்னு சொல்ல மாட்டேன் அண்ணி."

"வாயே தொறக்காம இருந்தியே, அதுவே தேவல" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னாரா, கோபமா தெரியவில்லை. வசம்பு வேலை செய்துவிட்டது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லட்டும்.

மருந்து உடனே பிடித்துவிடவில்லை. இன்றும் சில காலைகள் எழவே முடியாது. ஆனாலும் மனநலப் பிரிவுக்குப் போகிறேன். போன மாதம் திருக்கழுக்குன்றத்தில் ஷேர் ஆட்டோ ஏறினேன். தெரிந்த பெண் ஒருத்தி, கைக்குக் காட்டப் போகிறாயா என்று கேட்டாள். கூட்டத்தில் வாய் திறக்க இப்போதும் எனக்குக் கூச்சம்தான். டிரைவருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"கைக்கு இல்ல. மனசுக்கு."

எல்லோரும் ரோட்டைப் பார்த்தார்கள். நான் தலை குனியவில்லை. செங்கல்பட்டில் இறங்கும்போது, முன்பின் தெரியாத ஓர் அம்மா என் முந்தானையைப் பிடித்து நிறுத்தினார். அவர் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்து பிழைத்த பிறகு சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம்.

"எந்த ரூமுமா அது?" என்று கேட்டார்.

"வாங்க, காட்றேன்" என்றேன்.