பூங்கா போர்டில் என் பெயர்

முதலில் நான் கட்டியதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பிறகு பேசலாம். நிலக்கரி மைன்ஸ் டவுன்ஷிப்புக்கு வெளியே முட்புதர் மண்டிக் கிடந்த இடத்தில் நாலு அறை வைத்த வீடு. கொத்தனாரைத் தவிர அதற்கு எவனும் கை கொடுக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் மூன்று அடுக்காக இருபத்தாறு முயல் கூண்டுகள். ஒவ்வொரு கம்பியும் நான் வளைத்தது. இரண்டே முயலில் தொடங்கி, எத்தனை என்று நானே மறந்துபோகும் அளவுக்குப் பெருகிய ஒரு வம்சம். இந்த ஊர் வெயிலில் முயல் தங்காது என்று கால்நடை டாக்டர் கை விரித்த பிறகு உண்டாக்கிய வம்சம் அது. கடைசியாக, பிளாக் பூங்காவின் முயல் வீட்டுக்குள் இன்று ஓடுகிற அத்தனை உயிரும். அந்தச் சுவர் என்னுடையது இல்லை. உள்ளே ஓடுவதெல்லாம் என்னுடையது.

ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். திருவதிகைப் பக்கம் கூலிக்குக் கதிர் அறுத்துவிட்டு, மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்து, பதினொரு வருஷம் மண்ணைத் தின்ற பிறகு பர்மனென்ட் ஆனேன். குவார்ட்டர்ஸ் கிடைத்த வருஷம், குள்ளஞ்சாவடிச் சந்தைக்குக் கோழி வாங்கப் போனவன் ஒரு கூடைக்குள் சிவப்புக் கண்ணோடு இரண்டு வெள்ளை முயல்களைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்தால் மனைவி வாசலிலேயே மறித்தாள்.

“கோழி வாங்கினு வாங்கன்னா பூனைய வாங்கினு வந்து நிக்கிறீங்களே!”

“பூனை இல்லடி, முயலு.”

“கறிக்கா?”

“வளக்க.”

“உங்களையே வளக்க முடியல என்னால. இதுல இது வேறயா?”

வளர்த்தேன். ஒரு வருஷத்தில் ஒன்பது ஆயிற்று. அப்போது ஒரு தப்புச் செய்தேன். மைன்ஸ்காரன் வீட்டில், மண் சுமந்து ஓடித் தேய்ந்த பழைய ரப்பர் கன்வேயர் பெல்ட் இல்லாத இடம் கிடையாது. ஏலத்தில் எடுத்ததைப் பழைய இரும்புக் கடையில் துண்டு போட்டு விற்பார்கள். வாசலில் மிதியடி அதுதான், ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையும் அதுதான். மழை ஒழுகாது, கரையான் அரிக்காது. நானும் கூண்டுகளின் மேலே இரண்டு மடிப்பாக விரித்து ஆணி அடித்தேன். மழைக்காலம் முழுக்க அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினேன். கத்திரி தொடங்கியதும் ஒரு நாள் முதல் ஷிப்ட் முடிந்து வந்து பார்த்தால், ஒன்பதில் ஆறு காலை நீட்டிக் கிடந்தன. கூரையைத் தொட்டேன், கை வெந்துவிட்டது. கறுப்பு ரப்பர் வெயிலையெல்லாம் குடித்துக் கீழே கக்கியிருக்கிறது. தினமும் பெல்ட்டோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு பெல்ட் சுடும் என்று தோன்றவில்லை. இந்த முட்டாள்தனத்தை வேற்றூர்க்காரன் செய்திருக்கவே முடியாது.

“விட்டுடுங்க, இந்த ஊரு இதுக்கு ஆகாது” என்று டாக்டர் சொன்னது அன்றைக்குத்தான். விடுகிற ஆளா நான்? பெல்ட்டைப் பிய்த்து எறிந்துவிட்டுத் தென்னங்கீற்று வேய்ந்தேன். மேற்குப் பக்கம் ஈரச் சாக்கு கட்டினேன். உள்ளே பழைய மண்பானையைச் சாய்த்து வைத்தேன். மத்தியானமானால் மிஞ்சிய மூன்றும் பானைக்குள் போய்ப் படுத்துக்கொண்டன. வெயில் காலத்தில் ஆண் முயலுக்கு வீரியம் இருக்காது என்பதால் பங்குனியோடு இணை சேர்ப்பதை நிறுத்தி, ஆடி கழிந்துதான் மறுபடி தொடங்குவேன். பெண்ணைத்தான் ஆணின் கூண்டுக்குத் தூக்கிப் போக வேண்டும். ஆணைக் கொண்டுபோய்ப் பெண்ணின் கூண்டில் விட்டால், என் இடத்துக்குள் நீ யார் என்று குதறிவிடும். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு முயல் செத்திருக்கிறது.

ரிட்டயர் ஆகிக் குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது முயல்களும் என்னோடு புது வீட்டுக்கு வந்தன. அதற்குப் பிறகு நடந்ததுதான் பூங்கா விவகாரம்.

டவுன்ஷிப்பில் எங்கள் பழைய பிளாக்கில் குடியிருப்போர் சங்கத்தார், பூங்காவில் முயல் வீடு அமைக்க முடிவு செய்தார்கள். செயலாளர் தெற்கத்திக்காரர், ஆபீசராக இருப்பவர், நன்றாகப் பேசுவார். சிமெண்ட் சுவர், டைல்ஸ் தரை, மேலே தகரம். வெளியூரிலிருந்து காரில் முயல் வந்தது. வைகாசி பிறக்கும்போது ஒன்றுகூட மிச்சமில்லை. செயலாளர் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார்.

“அண்ணாச்சி, உங்க முயலு மட்டும் எப்படிச் சாகாம இருக்கு?”

“சாவ வேண்டியதெல்லாம் எங்கிட்ட முன்னாடியே செத்துடுச்சி சார்.”

வெயில் இறங்கட்டும் என்று ஐப்பசி வரை காத்திருந்து, ஆறு பெண், இரண்டு ஆண் சும்மா கொடுத்தேன். தகரத்தின் மேல் கீற்றுப் போட வைத்தேன். டைல்ஸ் மேல் பலகை போட வைத்தேன். தினமும் காலையில் சைக்கிளில் போய் நானே பார்த்தேன்.

மார்கழியில் முதல் ஈற்று. நான் வைத்திருந்த மரப்பெட்டிக்குள் ஒரு பெண் முயல் தன் வயிற்று முடியைப் பிடுங்கி மெத்தை போட்டு ஏழு குட்டி போட்டிருந்தது. மறுநாள் சாயங்காலம் போனால் முயல் வீட்டைச் சுற்றிக் கூட்டம். ஒருவர் கையில் பால் பாக்கெட், இன்னொருவர் கையில் சொட்டு மருந்துக் குழாய். செயலாளர் பெட்டிக்குள் கையை விடப் போனார். நான் குறுக்கே நின்றேன்.

“தாய் பாலே குடுக்கல அண்ணாச்சி. காலையில இருந்து மாத்தி மாத்திக் காவல் இருக்கோம்லா. பெட்டி பக்கமே போகல.”

“போவாதுங்க. அது ஒரு நாளைக்கு ஒரு வாட்டிதான் குடுக்கும், விடியறதுக்கு முன்னாடி. அஞ்சு நிமிசம், முடிஞ்சிது. பசும்பால ஊத்தினா கழிஞ்சே செத்துடும்.”

“படிச்சவங்க இத்தன பேரு சொல்லுதோம்...”

“நீங்க சொல்றது எனக்குக் கேக்குது சார். முயலுக்குக் கேக்காதே.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். செயலாளர் சிரிக்கவில்லை. “ஏழும் செத்தா பொறுப்பு நீங்க” என்றார்.

“நான்தான். ஒண்ணு செத்தாலும் இந்தப் பூங்கா பக்கம் தல வச்சிப் படுக்க மாட்டேன். இப்ப எல்லாம் வூட்டுக்குப் போங்க. இப்பிடிச் சுத்தி நின்னுகினு பாத்தா எந்தத் தாய் வரும்?”

மறுநாள் விடிந்ததும் செயலாளர் எனக்கு முன்பே வந்து நின்றார். ஒரு குட்டியை எடுத்து அவர் உள்ளங்கையில் மல்லாத்தி வைத்தேன். வயிறு உருண்டையாகப் புடைத்திருந்தது. மெல்லிய தோலுக்குள் பால் வெள்ளையாகத் தெரிந்தது. ஏழுக்கும் அப்படியே. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார். “சரிதான்” என்றார். அவ்வளவுதான்.

பொங்கல் கழித்துத் திறப்பு விழா வைத்தார்கள். என்னையும் மனைவியையும் கூப்பிட்டிருந்தார்கள். வாசலில் பெரிய நீல போர்டு. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். சங்கத்தின் பெயர், செயலாளர் பெயர், சிமெண்ட் கொடுத்தவர் பெயர், தகரம் கொடுத்தவர் பெயர், ரிப்பன் வெட்டியவர் பெயர். கீழ் மூலையில் போர்டு எழுதிய பெயிண்டர்கூடத் தன் பெயரைப் போட்டுக்கொண்டிருந்தான்.

“உங்க பேரு எங்கங்க?” என்றாள் மனைவி.

“தேடிகினுதான் இருக்கேன்.”

விழா முடிந்ததும் செயலாளரிடம் நேராகவே கேட்டேன்.

“பேரு போட ஆரம்பிச்சா முடிவே இல்ல அண்ணாச்சி. நாளைக்குத் தண்ணி ஊத்துறவன் கேப்பான்.”

“போடுங்க. ஊத்தறான் இல்ல?”

அவர் காரில் ஏறிப் போய்விட்டார். நான் விடவில்லை. சங்கக் கூட்டம் நடக்கிற நாளெல்லாம் போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து இதையே கேட்டேன். போன மாதம் இறங்கி வந்தார். கையில் ஒரு தாள்.

“கடைசியா ஒரு வரி சேத்துருவோம் அண்ணாச்சி. ‘பராமரிப்பு உதவி’ன்னு போட்டு உங்க பேரு. சந்தோசம்தான?”

மைன்ஸில் நான் வேலையில் இருந்த காலம் முழுக்கக் காகிதத்தில் ஹெல்பர்தான். ஓடுகிற பெல்ட்டுக்கு அடியில் எந்த ரோலர் சிக்கியிருக்கிறது என்று சத்தத்தை வைத்தே நான் சொல்லுவேன். அதைக் கண்டுபிடித்ததாக இன்னொருவர் எழுதிக் கையெழுத்துப் போடுவார். அங்கே வாயை மூடிக்கொண்டிருந்தேன், வயிறு இருந்தது. இப்போது யாருக்குப் பயப்பட வேண்டும்?

“நான் யாருக்கும் உதவி பண்ணல சார். நான்தான் பண்ணேன். நீங்கதான் உதவி” என்று தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

அதற்காக முயல்களைப் பட்டினி போடவில்லை. இன்றைக்கும் காலையில் போய்த்தான் வந்தேன். முயலுக்கு போர்டு படிக்கத் தெரியாது, அதன்மேல் எனக்கு என்ன கோபம்? ஆனால் கேட்பதை நிறுத்த மாட்டேன். பொன்னாடை வேண்டாம், மேடை வேண்டாம். சிமெண்ட் கொடுத்தவர் பெயர் எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ அதே அளவில், அதற்கு மேல் வரியில், ‘முயல்களைக் கொடுத்து வளர்த்தவர்’ என்று எழுதி என் பெயரைப் போட வேண்டும். இனிஷியலோடு, முழுப் பெயராக. சங்கத்தார் யாராவது இதைக் கேட்டால் பெயிண்டருக்குச் சொல்லி அனுப்புங்கள். அவன் எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் நகருவேன்.